படகு பேட்டரி தானாக இறங்குகிறது, கரண்ட் எங்கே போகிறது?

18 பிப்ரவரி 2024, ஞாயிறு

மலேசியா, பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து எழுதுகிறேன். மச்சானும் நானும் பங்கு போட்டு வாங்கிய 21 அடி ஃபைபர் படகு. பின்னால் மாட்டியிருப்பது 60 குதிரைச் சக்தி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின், சாவி திருகினால் கிளம்பும். ஒரே பேட்டரி, 70 ஆம்பியர் ஹவர், வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்ணம் ஆற்று வாய்ப்பக்கம் தூண்டில் போடப் போவோம்.

கரை திரும்பும்போது பேட்டரி முழுசாக இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். சில வாரம் அடுத்த ஞாயிறு வரை அப்படியே நிற்கிறது. சில வாரம் செத்துக் கிடக்கிறது. தைப்பூசம் முடிந்து ஜனவரி 28ஆம் தேதி போனால் 11.3 வோல்ட். சார்ஜ் போட்டோம். பிப்ரவரி 4ஆம் தேதி ஒரு குறையும் இல்லை. சீனப் புத்தாண்டு விடுமுறை கழித்து 14ஆம் தேதி போனால் மறுபடி 11.4. மூடியைக் கழற்றி, ஃப்ளைவீலில் கயிறு சுற்றி இழுத்துக் கிளப்பினோம். இந்த வயதில் அது நல்லதில்லை.

நான் முப்பது வருஷம் செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேனாக இருந்தவன். 415 வோல்ட்டோடு குடும்பம் நடத்தியவனுக்கு இந்த 12 வோல்ட் தண்ணி காட்டுகிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

19 பிப்ரவரி

நேற்றைய பதிவுக்குக் கிள்ளான் அண்ணன் ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: பேட்டரி போச்சு, மாத்துங்க. அண்ணே, மாற்றுவது சுலபம். மாற்றிய பிறகு புதுசும் செத்தால் யாரைக் கேட்பது? பட்டணத்துப் பேட்டரிக் கடையில் லோட் டெஸ்ட், அதாவது பெரிய கரண்டை இழுத்துப் பார்க்கிற சோதனை, போட்டுப் பார்த்தாயிற்று, நன்றாகத்தான் இருக்கிறது என்கிறான்.

இருந்தாலும் அண்ணன் பேச்சை ஒரேயடியாகத் தள்ள முடியாது. பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன். முழு சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி ஆறவிட்டு, 12.68 வோல்ட். எதோடும் சேர்க்காமல் பத்து நாள் சும்மா வைக்கப் போகிறேன். தானாக இறங்கினால் குற்றவாளி பேட்டரி. இறங்காவிட்டால் குற்றவாளி படகு.

சார்ஜரைக் கழற்றிய உடனே வோல்ட் பார்க்காதீர்கள், 13க்கு மேல் காட்டும், அது மேல்நுரை. சில மணி நேரம் கழித்து, ஒன்றும் ஓடாமல் இருக்கும்போது 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8, 11.9 என்றால் சட்டி காலி.

1 மார்ச், வெள்ளி

பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. 12.63. பேட்டரி நிரபராதி. கிள்ளான் அண்ணன் மன்னிக்கவும்.

படகுக்குப் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். மேலே போர்த்தியிருந்த கித்தானில் ஒரு கிழிசல், இந்த வாரம் மழையும் இருந்தது. பின்பலகையில் இருக்கிற வடிகால் பிளக்கைத் திருகி எடுத்து எல்லாவற்றையும் வடியவிட்டேன். எங்கள் படகு நிற்கிற இடம் ஒரு பாரிட், அதாவது வாய்க்கால். தண்ணீர் வற்றினால் சேற்றில் உட்கார்ந்துவிடும், அதனால் பிளக்கை எடுத்தால் போதும், தானாக வடியும். கித்தானைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

3 மார்ச், ஞாயிறு

கரண்ட் கசிவு இல்லை! பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்து 10 ஆம்பியரில் பார்த்தேன். 0.00. ஐந்து நிமிஷம் பார்த்தேன், அசையவே இல்லை. அப்படியானால் இந்தப் படகு ஒன்றும் குடிக்கவில்லை. ஒருவேளை யாரோ ராத்திரியில் வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்கிறார்களா? பாரிட் ஓரம் பையன்கள் வருவது உண்டு.

4 மார்ச்

நேற்று எழுதியதைத் தயவு செய்து மறந்துவிடுங்கள்.

மீட்டரை இணைத்து நான் நிமிர்வதற்குள் மச்சான் ‘இன்ஜின் கிளம்புதான்னு பார்ப்போம்’ என்று சாவியைத் திருகியிருக்கிறான். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டருக்குள் இருந்த 10 ஆம்பியர் ஃபியூஸ் அந்த நொடியே போய்விட்டது, சத்தம்கூட வரவில்லை. அதற்குப் பிறகு உலகத்தில் எதை அளந்தாலும் 0.00தான். பையன்களைச் சந்தேகப்பட்டது பாவம்.

இனிமேல் ஒரு பழக்கம்: மீட்டரை இணைத்ததும் முதலில் ஒரு விளக்கைப் போட்டுப் பார்ப்பேன். விளக்கு எரிந்து மீட்டரும் எண் காட்டினால்தான் மற்றது. ஆலையில் புதுப் பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே இது, தெரிந்த கரண்டில் மீட்டரைச் சோதித்துவிட்டு அப்புறம் தெரியாததைத் தொடு என்று. என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

9 மார்ச், சனி

புது ஃபியூஸ் போட்டாயிற்று. மச்சானைக் கரையில் உட்கார வைத்துவிட்டேன், சாவி என் சட்டைப் பையில்.

43 மில்லி ஆம்பியர்! மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே. அப்படியானால் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு எதுவோ நேராகப் பேட்டரிக்குப் போகிறது. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பேட்டரி பாசிட்டிவில் நேராக இரண்டு வயர். ஒன்று பில்ஜ் பம்ப்பின் மிதவை சுவிட்சுக்கு. அது அப்படித்தான் இருக்கவேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும் அடியில் தண்ணீர் சேர்ந்தால் பம்ப் ஓடவேண்டும், அதனால் அதை மெயின் சுவிட்சுக்குப் பின்னால் வைக்கக் கூடாது. இன்னொன்று ஸ்டீரியோவின் மஞ்சள் வயர்.

கார் ஸ்டீரியோ மாட்டியவர்களுக்குத் தெரியும். சிவப்பு சாவியோடு வருவது, மஞ்சள் எப்போதும் உயிரோடு இருப்பது, நேரத்தையும் ஸ்டேஷனையும் நினைவில் வைக்க. மச்சான் தன் பழைய காரிலிருந்து கழற்றியதைப் படகில் மாட்டினான். மஞ்சளைப் பிடுங்கியதும் 43 சடாரென்று 4க்கு இறங்கியது.

ஆற்று நடுவில் பழைய பாட்டு கேட்கும் ஆசைக்கு விலை. முடிந்தது கதை. எல்லோருக்கும் நன்றி.

10 மார்ச், ஞாயிறு

சித்தியவான் தம்பி ஒரு கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். 43 மில்லி ஆம்பியர் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 1 ஆம்பியர் ஹவர். 70 ஆம்பியர் ஹவர் பேட்டரி காலியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். உங்கள் பேட்டரி பத்து நாளில் சாகிறதே அங்கிள், என்கிறார்.

பெருக்கல் எனக்கும் தெரியும். போடத்தான் மறந்துவிட்டேன். ஒரு குற்றவாளி கையில் கிடைத்ததும் மற்ற விசாரணையை மூடிவிட்டேன். தம்பி சொல்வதுபடி பத்து நாளில் காலியாக வேண்டுமென்றால் சராசரியாக 0.3 ஆம்பியராவது ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அதுவும் சில வாரம் ஓடி, சில வாரம் ஓடாமல்.

அதே தம்பி இன்னொரு வழியும் சொன்னார். ஃபியூஸ்களைப் பிடுங்காமலே பார்க்கலாம். பட்டை ஃபியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளி தெரியும், அதில் மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்தால், கரண்ட் ஓடுகிற ஃபியூஸில் மட்டும் ஏதாவது எண் காட்டும். பிடுங்கிப் போடும்போது சில கோளாறு தானாக மறைந்துவிடும், இதில் அந்தத் தொல்லை இல்லை. இவ்வளவு நாள் இது தெரியாமல் இருந்தேன். நன்றி தம்பி.

16 மார்ச், சனி

செத்துவிட்டது. 11.2. ஸ்டீரியோ இல்லாமலே.

17 மார்ச்

நேற்று கோபத்தில் இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டேன். இன்றைக்கு விவரம்.

பாகான் டத்தோவில் படகு வைத்திருக்கிற ஒருவர், இன்ஜினில் இருக்கும் ரெக்டிஃபயரைப் பார் என்றார். இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குகிற ஸ்டேட்டர் சுருளில் வருகிற ஏ.சி.யை டி.சி.யாக்குவது அது. உள்ளே ஒரு டயோடு கெட்டால், இன்ஜின் நிற்கும்போது கரண்ட் பேட்டரியிலிருந்து பின்பக்கமாக ஒழுகும். நியாயமான சந்தேகம். அந்த வயரைக் கழற்றி, முன்னும் பின்னும் அளந்தேன். வித்தியாசம் இல்லை. அதுவும் நிரபராதி.

பிறகு வயர்கள் எல்லாம் சேரும் பஸ்பாரைத் திறந்தேன். பச்சை பூத்துக் கிடந்தது, தயிர்ச்சட்டி மாதிரி. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் பாசிட்டிவ் முனைக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் இருக்கிற அந்த அழுக்குப் படலமே ஒரு வயராகிவிடும். நல்ல தண்ணீரால் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, காயவைத்து, கிரீஸ் தடவினேன். மிச்சம் இருந்த 4 மில்லி ஆம்பியர் 1க்கும் கீழே போய்விட்டது. முந்தின உரிமையாளர் வீட்டு வயரைப் போட்டிருக்கிறார், வெள்ளீயம் பூசாத செம்பு. உறையை உரித்தால் ஒரு சாண் உள்ளே வரைக்கும் கறுத்திருக்கிறது. அதையும் மெல்ல மெல்ல மாற்றவேண்டும்.

ஆனால் 4 மில்லி ஆம்பியர் ஒரு பேட்டரியைக் கொல்லாது. இந்தத் தடவை பெருக்கிப் பார்த்துவிட்டேன்.

24 மார்ச், ஞாயிறு

12.61! போன ஞாயிறு ஏற்றியது, ஏழு நாளும் நின்றிருக்கிறது. பஸ்பார்தான் போலிருக்கிறது. ஈரம் கூடும்போது கசிவும் கூடியிருக்கும், நான் வெயிலில் அளக்கும்போது குறைந்திருக்கும். அப்படி யோசித்தால் பொருந்துகிறது. முடிந்தது என்று இந்தத் தடவை சொல்லமாட்டேன்.

நாளைக்குப் பங்குனி உத்திரம். கோயில் வேலை இருக்கிறது, இந்த வாரம் படகுப்பக்கம் போக முடியாது.

25 மார்ச், இரவு

கோயிலிலிருந்து இப்போதுதான் வந்தேன், தூக்கம் வரவில்லை. வேறு ஒரு நினைப்பு.

நான் வளர்ந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தோட்டத்து ஜெனரேட்டர் ராத்திரி பத்து மணிக்கு நிற்கும், அதோடு விளக்கும் போய்விடும். டிவி வாங்கிய வீட்டுக்காரர்கள் கார் பேட்டரி வைத்துத்தான் பார்ப்பார்கள். எங்கள் அப்பா பேட்டரியைச் சைக்கிள் பின்னால் கட்டிப் பட்டணத்துக்கு எடுத்துப்போய், சீனர் கடையில் சார்ஜ் போடக் கொடுப்பார். இரண்டு நாள் கழித்து வாங்கப் போகவேண்டும். தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒரு கண்ணாடிக் குழாயை ஆசிட்டில் விட்டு உறிஞ்சிப் பார்ப்பார், உள்ளே ஒரு சிறிய மிதவை ஏறி நிற்கும். 1.265 என்றால் நிறைவு. எனக்கு அப்போது அந்த எண் தெரியாது, மிதவை ஏறினால் வெள்ளிக்கிழமைத் தமிழ்ப் படம் முழுசாகப் பார்க்கலாம் என்பது மட்டும் தெரியும். அரைகுறையாக ஏற்றிய வாரத்தில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். கதாநாயகன் குள்ளமாகி ஒல்லியாகி மறைந்துவிடுவான். லயமே எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அப்பாவைத் திட்டும்.

பேட்டரியை மதிக்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. அதனால்தான் இது இவ்வளவு உறுத்துகிறது.

30 மார்ச், சனி

11.0. ஸ்டீரியோ இல்லை, பஸ்பார் சுத்தம், ரெக்டிஃபயர் நல்லது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 1 மில்லி ஆம்பியர்கூட இல்லை. என் அளவு சரி. பேட்டரி செத்ததும் சரி. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்?

மச்சான் வீட்டில் இதைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அத்தை அடுப்படியிலிருந்தே சொன்னார்: ‘அமாவாசை பௌர்ணமிக்கு மட்டும் சாகுதுன்னா அது பேட்டரி இல்ல மாப்பிள்ளை. படகுக்கு ஒரு தேங்கா ஒடைங்க.’

சிரித்துவிட்டோம்.

31 மார்ச்

சிரித்திருக்கக் கூடாது. காலையில் எழுந்து சுவரில் தொங்குகிற தமிழ் நாள்காட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டேன். ஜனவரி 25 பௌர்ணமி, அந்த வாரம் செத்தது. பிப்ரவரி 10 அமாவாசை, செத்தது. பிப்ரவரி 24 பௌர்ணமி, அப்போது பேட்டரி என் வீட்டில் இருந்தது. மார்ச் 10 அமாவாசை, செத்தது. மார்ச் 25 பௌர்ணமி, செத்தது. நடுவில் இருந்த வாரங்களில் ஒன்றுகூட இல்லை.

நாலுக்கு நாலு. அத்தைக்குப் பேய் தெரியும், எனக்கு வேறு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் ஏற்றம் பெரிசு, வற்றமும் பெரிசு. நடுவில் வருகிற அஷ்டமி நாள்களில் ஏற்றம் சின்னது. இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். எங்கள் பாரிட் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. சின்ன ஏற்றத்தில் தண்ணீர் படகு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், படகு சேற்றைவிட்டு எழும்பாது. பெரிய ஏற்றத்தில்தான் மிதக்கும்.

கோலா செபெத்தாங்கில் மீன்பிடிப் படகு வேலை பார்க்கிறவர் இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘நீங்கள் அளந்தது எல்லாம் படகு சேற்றில் உட்கார்ந்திருக்கும்போதா, மிதக்கும்போதா?’

சேற்றில். எல்லா நாளும் சேற்றில். இறங்கி ஏற வசதி என்று வற்றம் பார்த்து மத்தியானத்துக்கு முன் போவேன். போனதும் முதல் வேலையாகப் பிளக்கை எடுத்து அடியில் இருக்கிற தண்ணீரை வடியவிடுவேன். சுத்தமான ஆளில்லையா! அதற்குப் பிறகுதான் மீட்டரை எடுப்பேன்.

1ஆம் தேதி நான் எழுதியதை மேலே போய்ப் படியுங்கள். கணுக்கால் அளவு தண்ணீர். பேட்டரி என் வீட்டில் இருந்த பத்து நாள், பம்ப்புக்குச் சோறு போட ஆள் இல்லாத பத்து நாள், நடுவில் ஒரு பௌர்ணமி. நான் கித்தானைத் தைக்கக் கொடுத்தேன்.

அடுத்த அமாவாசை ஏப்ரல் 9ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி. மறுநாள் நோன்புப் பெருநாள், இரண்டு நாள் விடுமுறை. மச்சானும் வருவான். ராத்திரி ஏற்றத்தில் போய் உட்காரப் போகிறோம்.

11 ஏப்ரல், வியாழன்

விடியக்கருக்கலில் ஏற்றம். மச்சான், நான், ஒரு பிளாஸ்க் காப்பி, டார்ச் லைட், கணக்கில்லாத கொசு. அக்கரை சபாக் பெர்ணம் பக்கம் பெருநாள் வாணவேடிக்கை இன்னும் ஓயவில்லை.

கிளாம்ப் மீட்டர் கொண்டுபோனேன். வயரைச் சுற்றிப் பிடித்தால் போதும், எதையும் கழற்றவேண்டாம். முதலில் எடுத்துப்போனது என் பழைய ஆலை மீட்டர், அது ஏ.சி. மட்டும்தான் காட்டும் என்பது அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது. டி.சி. காட்டுகிற கிளாம்ப் வேறு. அதைத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் இரவல் வாங்கி மச்சான் காரில் வைத்திருந்தான். என்னை நம்பாமல் வைத்திருந்தான் என்று பிறகு ஒத்துக்கொண்டான்.

தண்ணீர் ஏறியது. படகு மெல்ல ஆடியது, எழும்பியது. கிளாம்ப்பில் 0.0. அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. மச்சான் குறட்டை. அப்புறம் அடியிலிருந்து ‘ர்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். கிளாம்ப் 3.2 ஆம்பியர்.

பில்ஜ் பம்ப்.

இருபது நொடி ஓடி நின்றது. சரி, தண்ணீர் சேர்ந்தது, வெளியே தள்ளியது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடி ‘ர்ர்ர்ர்’. இருபது நொடி. நின்றது. மறுபடி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பதினாறு தடவை எண்ணினேன். ஏறக்குறைய 110 நொடிக்கு ஒரு தடவை.

டார்ச் அடித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. பம்ப் நிற்கிற நொடியில், குழாயில் மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் முழுவதும் ‘களக்’ என்று திரும்ப அடிக்கு வந்து விழுகிறது. மிதவை ஏறுகிறது. பம்ப் அதே தண்ணீரை மறுபடி மேலே தள்ளுகிறது. கொஞ்சம் வெளியே போகிறது, மிச்சம் திரும்ப விழுகிறது. வெளியிலிருந்து கசிந்து வருவதும் அதோடு சேர்கிறது. ஒரே தண்ணீரை ராத்திரி முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறது இந்த முட்டாள் பம்ப், எங்கள் செலவில்.

12 ஏப்ரல்

கணக்கு, இந்தத் தடவை முன்கூட்டியே. 110 நொடியில் 20 நொடி, அதாவது நூற்றுக்கு 18 பங்கு நேரம் ஓடுகிறது. 3.2 ஆம்பியரில் அது சராசரி 0.58. நாள் முழுக்க அப்படியே ஓடினால் 14 ஆம்பியர் ஹவர். 70ஐ 14ஆல் வகுத்தால் ஐந்து நாள். சித்தியவான் தம்பி கேட்ட 0.3க்குத் தாராளமாக இடம் இருக்கிறது. படகு நாள் முழுக்க மிதப்பதில்லை, அதனால்தான் உடனே சாகாமல் பெரிய ஏற்றம் அடங்குகிற வரை இழுத்துக்கொண்டிருந்தது.

ஸ்டீரியோவும் பஸ்பாரும் பொய்யில்லை, அவையும் கசிந்தன. சில்லறைத் திருடர்கள்.

14 ஏப்ரல், ஞாயிறு

புத்தாண்டு. காலையில் கோயில், மத்தியானம் படகு. வீட்டில் பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை.

தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது என்று பார்க்க, படகு சேற்றில் இருக்கும்போது உள்ளே நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே நின்று பார்த்தோம். மிதக்கும்போது வெளியிலிருந்து உள்ளே போவது, இப்படிச் செய்தால் உள்ளிருந்து வெளியே வரும். அது கண்ணுக்குத் தெரியும். பிளக்கைச் சுற்றி இருக்கிற பித்தளை வளையத்துக்கும் ஃபைபருக்கும் நடுவில் ஒரு நூல் மாதிரி ஒழுகியது. பிளக் இறுக்கமாகத்தான் இருந்தது, நான் தடவை தடவை திருகிப் பார்த்தது அதைத்தான். ஒழுகியது அது உட்காருகிற வளையம். பின்னால் இருந்த சீலன்ட் காய்ந்து உதிர்ந்துவிட்டது.

நான் வாராவாரம் தண்ணீர் வடியவிட்ட அதே ஓட்டை.

20 ஏப்ரல்

வளையத்தைக் கழற்றினோம். ஃபைபருக்கு உள்ளே இருக்கிற பலகையின் ஓரம் ஈரமாக இருந்தது, நல்லவேளை இன்னும் இற்றுப்போகவில்லை, விரல் நகம் உள்ளே இறங்கவில்லை. ஐந்து நாள் விளக்கு வைத்துக் காயவிட்டு, பலகை ஓரத்துக்கு எபாக்சி பூசி, பாலியூரத்தேன் சீலன்ட் வைத்து வளையத்தைத் திரும்ப உட்காரவைத்தோம். சிலிகான் போடாதீர்கள், தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே அது நிற்காது, பிறகு வேறு எதையும் ஒட்டவும் விடாது.

அடுத்து குழாய். இங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது, படித்தேன். பாரிட் புந்தார் தம்பி, குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள், தண்ணீர் திரும்பாது என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது, கடையில் கையில்கூட எடுத்துவிட்டேன். கோலா செபெத்தாங்காரர் வேண்டாம் என்கிறார். இந்த ரகப் பம்ப் சுழற்றித் தள்ளுவது, அழுத்திப் பிடிக்கிற பலம் இல்லை. வால்வுக்கு மேல் நிற்கிற தண்ணீரை அதனால் தள்ளித் திறக்க முடியாமல் போகலாம். ஒரு மீன் செதில், ஒரு நைலான் நூல் மாட்டினால் வால்வு மூடியபடி நின்றுவிடும், உண்மையாகவே தண்ணீர் வரும் நாளில் பம்ப் சும்மா சுற்றும். பேட்டரியைக் காப்பாற்றப் போய்ப் படகைக் கொடுத்துவிடுவீர்கள்.

அவர் பேச்சைக் கேட்டேன். குழாயில் நிற்கிற தண்ணீரை மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து அளந்தேன், ஏறக்குறைய ஒரு லிட்டர். எங்கள் படகின் அடி கூராக இருக்கிறது, அந்த ஒரு லிட்டரே மிதவையைத் தூக்கப் போதும். அதனால் மிதவை சுவிட்சை இரண்டு விரல் உயரத்துக்கு மேலே ஏற்றி வைத்தேன். வளைந்து நெளிந்து போன குழாயை நேராக்கி அரை மீட்டர் வெட்டினேன். உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த மலிவுக் குழாயை எடுத்துவிட்டு வழவழப்பானதைப் போட்டேன். இப்போது குழாய்த் தண்ணீர் திரும்பி விழுந்தாலும் மிதவை அசையவில்லை.

28 ஏப்ரல், ஞாயிறு

சித்ரா பௌர்ணமி தாண்டி நாலைந்து நாள். 12.58.

எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறேன், யாரும் வாழ்த்தவேண்டாம். இரண்டு அமாவாசை போகட்டும்.

5 மே

மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், இதற்கு ஏன் இவ்வளவு பாடு, 20 வாட் சோலார் பலகை ஒன்றை மேலே வைத்தால் முடிந்ததே என்று.

வைக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு நாளைக்கு 5 ஆம்பியர் ஹவர் பக்கம் கொடுக்கும். நான் முதல் வாரமே அதை வைத்திருந்தால் பேட்டரி அவ்வளவு சீக்கிரம் செத்திருக்காது, வளையம் ஒழுகுவதும் தெரிந்திருக்காது. மழை மூடிய ஒரு வாரத்தில், பெரிய ஏற்றத்தில், பாரிட்டில் மூக்கு மட்டும் தெரிகிற படகைத்தான் பார்த்திருப்பேன். இப்போது எல்லாம் சரியான பிறகு வேண்டுமானால் வைப்பேன். மச்சானும் அதையேதான் சொல்கிறான், ஆனால் அவன் கணக்கு வேறு, ஸ்டீரியோவைத் திரும்ப மாட்டப் பார்க்கிறான்.

பம்ப் எத்தனை தடவை ஓடியது என்று எண்ணுகிற சின்னக் கருவி ஒன்றை மிதவை சுவிட்ச் வயரில் மாட்டியிருக்கிறேன். போன வாரம் முழுக்க இரண்டு. அதில் ஒன்று நான் கையால் மிதவையைத் தூக்கிப் பார்த்தது.

9 ஜூன், ஞாயிறு

மே 8 அமாவாசை, மே 23 பௌர்ணமி, ஜூன் 6 அமாவாசை, மூன்றும் போய்விட்டன. எண்ணுகிற கருவியில் பெரிய மாற்றம் இல்லை, மழைக்கு ஓடியது மட்டும். அடி காய்ந்து கிடக்கிறது. அத்தை ஏப்ரலிலேயே எங்களுக்குத் தெரியாமல் ஒரு தேங்காய் உடைத்திருக்கிறார், பாதிப் பெருமை அவருக்குப் போகிறது. அமாவாசையை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான், அதனால் நான் மறுக்கவில்லை.

ஆனால் இன்றைக்குக் காலை சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் ‘ம்ம்ம்’ என்று முனகியது. ஓய்வில் 12.5 இருந்தது. சாவி திருகும்போது 8 வோல்ட்டுக்கும் கீழே விழுகிறது. கடைக்கு எடுத்துப்போனேன், லோட் டெஸ்டில் தோற்றுவிட்டது. ஸ்டார்ட் பண்ணுகிற ரகப் பேட்டரியை நாலு தடவை அடிமட்டம் வரைக்கும் காலி பண்ணினால், தகட்டில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும், பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. ஜனவரியில் நல்லதாக இருந்த பேட்டரியை, காரணம் தேடித் தேடி நாங்களே கொன்றுவிட்டோம்.

புதுசு வாங்கிவிட்டேன். கிள்ளான் அண்ணே, நீங்கள் பிப்ரவரியில் சொன்னது ஜூனில் சரியாகிவிட்டது.